வெயில் எட்டாத தாழ்வாரத்துக்கு எந்தச் செடி?

"அக்கா, ஹோஸ்டா செடி சிங்கப்பூர்ல எங்க கிடைக்கும்?"

கடந்த சில மாதங்களில் இதே கேள்வி நான்கைந்து பேரிடமிருந்து வந்துவிட்டது. கேட்பவர்களில் பாதிப் பேர் புதிதாக வீவக வீட்டுச் சாவி வாங்கிய இளம் தம்பதியர். வீட்டு வாசலுக்கு எதிரே இன்னொரு புளோக் நிற்கும். வெயில் எட்டிப் பார்க்காது. ரோஜா வைத்தால் மொட்டு விடாது, மல்லிகை வைத்தால் கொடி மட்டும் நீளும். இரவில் படுத்துக்கொண்டு காணொளி பார்க்கும்போது, வெளிநாட்டுத் தோட்டம் ஒன்றில் மரநிழலில் தட்டு தட்டாக விரிந்து, பச்சையும் வெள்ளையும் நீலச் சாயலும் கலந்த இலைகளோடு ஒரு செடி தெரிகிறது. கீழே 'நிழலுக்கு ஏற்றது' என்று எழுதியிருக்கிறது. இதுதான் நமக்கு என்று மனம் முடிவு செய்துவிடுகிறது.

நேராகச் சொல்லிவிடுகிறேன். ஹோஸ்டாவை நம் ஊரில் வளர்க்க முடியாது. முயற்சி செய்தால் சில வாரங்கள் இருக்கும், அதன்பின் ஒவ்வோர் இலையாகச் சிறுத்துப் போய்விடும்.

அதற்கு நிழல் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் நிழல் மட்டும் போதாது. ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளின் மலைச்சரிவுகளும் ஓடைக்கரைகளும்தான் அதன் பிறந்த வீடு. ஆஸ்திரியத் தாவரவியலாளர் நிக்கோலாஸ் தோமஸ் ஹோஸ்ட் என்பவரின் பெயரை 1812-இல் அதற்குச் சூட்டினார்கள். ஜப்பானில் அதன் இளங்குருத்தைக் கீரை போல் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். குளிர்காலம் வந்ததும் இலைகள் முழுவதையும் உதிர்த்துவிட்டு மண்ணுக்கடியில் தூங்கும் செடி அது. பல வாரம் 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால்தான் அந்தத் தூக்கம் முழுமையாகும், அடுத்த ஆண்டுக்கான குருத்து பலமாக வரும். நமக்கோ 2018 ஜனவரியில் வெப்பநிலை 21 டிகிரியை ஒட்டி இறங்கியபோதே ஊரெல்லாம் அதே பேச்சு. தூக்கமே இல்லாமல் ஆண்டு முழுவதும் வேலை வாங்கினால் செடி என்ன, மனிதனே தாங்க மாட்டான்.

குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் கிழங்கை வைத்துத் தூங்க வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆர்வத்துக்குப் பாராட்டு. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு செடிக்காக இரண்டு மூன்று மாதம் கீரைக்கட்டுக்கு இடமில்லாமல் செய்ய வேண்டுமா? இணையத்தில் 'நீல ஹோஸ்டா விதை' என்று விற்கிறார்களே, அதையும் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து செடியோ கிழங்கோ கொண்டுவர, அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேசிய பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும் தேவை. செம்பவாங்கிலிருந்து கடற்பாலம் பக்கம்தான் என்று ஜோகூர் செடிக்கடைகளுக்குப் போய் வருகிறவர்களும், என்ன கொண்டுவரலாம் என்பதைக் கழகத்தின் இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது நல்லது. உறையின் மேல் போட்டிருக்கும் படத்துக்கும் முளைத்து வருவதற்கும் சம்பந்தம் இருக்காது என்பது தனிக் கதை.

சரி, அந்தத் தோற்றமே வேண்டும் என்றால்?

கார்ட்வெல் லில்லி என்று ஒரு கிழங்குச் செடி இருக்கிறது. தென்கிழக்காசியாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை இயல்பாக வளர்வது. வட்டமான இலையில் விசிறி மடிப்பு போல நரம்புகள் ஓடும். தூரத்திலிருந்து பார்த்தால் ஹோஸ்டாதான் என்று சத்தியம் செய்வீர்கள். கூடவே வெள்ளைப் பூங்கொத்தும் தரும். கடையில் 'ஹோஸ்டா மாதிரி' என்று கேட்டால் தெரியாமல் போகலாம், படத்தைக் காட்டிக் கேளுங்கள். இதற்கு ஒரே எதிரி கறுப்பும் வெள்ளையும் கலந்த ஒரு புழு. கூட்டமாக வந்து ஓர் இரவில் இலையைச் சல்லடையாக்கிவிடும். மாலையில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் முட்டையாக இருக்கும்போதே துடைத்துவிடலாம்.

அடுத்து நம் ஊர் கெலாடி. இளஞ்சிவப்பும் வெள்ளையும் தெளித்த மெல்லிய இலை. சேப்பங்கிழங்கின் சொந்தக்காரி. சேம்பைக் கழுவும்போது கை அரிக்குமே, அதே ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இதன் இலையிலும் தண்டிலும் உண்டு. தவழும் குழந்தை, பூனை, நாய் இருக்கும் வீட்டில் உயரத்தில் வையுங்கள். மணி பிளாண்ட், அக்லோனிமா, பீஸ் லில்லி எல்லாமே அந்த வகைதான்.

கெலாடியைப் பற்றி ஒரு விஷயம் தெரியாமல் ஆண்டுதோறும் எத்தனையோ பேர் உயிருள்ள செடியைக் குப்பையில் போடுகிறார்கள். அதுவும் தூங்கும் செடிதான். ஹோஸ்டா குளிரில் தூங்கும், இது வறட்சியில் தூங்கும். திடீரென்று இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்து, தொட்டி மொட்டையாகிவிடும். செத்துவிட்டது என்று நினைத்து இன்னும் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவோம். அப்போதுதான் கிழங்கு உண்மையாகவே அழுகிச் சாகும். மண்ணைத் தோண்டிக் கிழங்கை அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் தண்ணீரை நிறுத்தி, தொட்டியை ஓர் ஓரமாக வைத்துவிடுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் குருத்து தானாக எட்டிப் பார்க்கும். அன்று தண்ணீரைத் தொடங்கினால் போதும்.

கவலையே வேண்டாம் என்பவர்களுக்கு அக்லோனிமாவும் பறவைக்கூடு பெரணியும். பின்னதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் கிளையில் பெரிய பச்சைக் கூடை போல உட்கார்ந்திருக்கிறதே, அதுதான். யாரும் நடாமலே இங்கே வளரும் செடிக்கு நம் தாழ்வாரம் ஒரு பெரிய விஷயமா என்ன? மயில் தோகை போல் இலை கொண்ட கலாத்தியா அழகுதான், ஆனால் அதற்குக் கொஞ்சம் மாமியார் குணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். செடியைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. செம்பவாங் என்ற பெயரே ஒரு மரத்தின் பெயர்தான். செம்பவாங் பூங்காவில் இன்னும் அந்த மரத்தைப் பார்க்கலாம். இலங்கையின் தேசிய மரமான நாக மரத்துக்கு உறவுக்கார மரம் அது. இத்தனை ஆண்டு இங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பத்தில் இரண்டு பேருக்குத் தெரிந்தால் அதிகம்.

செடி வாங்குவதற்கு முன்னால் உங்கள் நிழல் எப்படிப்பட்ட நிழல் என்று தெரிந்துகொள்ள வேண்டும். 'எங்க காரிடார்ல வெயிலே வராது' என்பவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டில் ஓராண்டு முழுக்க வாழ்ந்து பார்க்காதவர்கள். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பாகை வடக்கே. அதனால் சூரியன் நமக்கு ஒரே பக்கமாக ஓடுவதில்லை. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி தாண்டும் வரை வானத்தின் வடபாதியில் போகும். மீதி மாதங்களில் தென்பாதியில். வடக்கு பார்த்த தாழ்வாரம் டிசம்பரில் குகை போல் இருக்கும். அதே இடத்தில் ஜூன் மாதம் காலையிலும் மாலையிலும் சாய்வு வெயில் உள்ளே வந்து விழும். தீபாவளிக்கு வாங்கி வைத்த கலாத்தியாவின் இலையில் பள்ளி ஜூன் விடுமுறையின்போது காகிதம் போல் வெளுத்த திட்டுகள் தோன்றினால், அது நோயில்லை. வெயில் சுட்ட தழும்பு. மருந்து அடிக்காதீர்கள், தொட்டியை இரண்டடி உள்ளே நகர்த்துங்கள். மேற்கு பார்த்த வீடு என்றால் ஆண்டு முழுவதும் மாலை 4 மணி வெயிலுக்கு ஒரு மூங்கில் திரை தேவைப்படும்.

வெளிச்சம் போதுமா என்று பார்க்கச் செலவில்லாத சோதனை ஒன்று. நண்பகலில் விளக்குப் போடாமல், செடி வைக்கப்போகும் இடத்தில் நின்று இந்த நாளிதழின் எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்க முடிகிறதா? முடிந்தால் நான் மேலே சொன்ன எல்லாம் வளரும். முடியாவிட்டால் அக்லோனிமா மட்டும் பொறுத்துப் போகும். அதுவும் நிறம் மங்கிப் பச்சையாகிவிடும்.

இனி இலைப் பிரச்சினைகள். எனக்கு வரும் படங்களில் அதிகமானவை இலை நுனி காய்ந்த படங்கள்தான். நுனி பழுப்பாகி, ஓரம் தீய்ந்த தோசை போல இருக்கும். கலாத்தியாவில் இது அதிகம். பெரும்பாலும் காரணம் இரண்டு. ஒன்று, செடியை வீட்டுக்குள் கொண்டுபோய் ஏர்கான் காற்றுக்கு நேராக வைத்தது. வெளியே ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். ஏர்கான் அறையில் அது வெகுவாகக் குறைந்துவிடும். தாழ்வாரத்தில் சுகமாக இருந்த செடியை விருந்தாளி பார்க்க வேண்டும் என்று வரவேற்பறைக்குக் கொண்டுவந்து தொலைக்காட்சிப் பக்கத்தில் வைக்கிறோம். அதற்கு அது பாலைவனம்.

இரண்டாவது காரணம் மண்ணில் சேர்ந்துபோன உப்பு. உரமும் குழாய்த் தண்ணீரும் விட்டுச்செல்லும் உப்பு, மண்ணின் மேல் வெள்ளைப் படலமாகத் தெரியும். கலாத்தியா போன்ற சில செடிகள் தண்ணீரிலுள்ள ஃபுளோரைடுக்கும் முகம் சுளிக்கும். இங்கேதான் நம் வீடுகளில் ஒரு தவறான பழக்கம். குழாய்த் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து ஓரிரவு வைத்தால் குளோரின் போய்விடும் என்று ஊரிலிருந்து வந்த அம்மாவும் சொல்வார், காணொளிக்காரரும் சொல்வார். சாதாரண குளோரினுக்கு அது சரி. ஆனால் சிங்கப்பூர்க் குடிநீரில் சேர்ப்பது குளோரமின். அது அவ்வளவு சுலபமாக ஆவியாகிப் போகாது. ஓரிரவு வைப்பதில் செடிக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. மூடாமல் மறந்துபோனால் கொசுவுக்குத்தான் தொட்டில் கட்டிக் கொடுக்கிறோம்.

அதற்குப் பதில் மாதம் ஒருமுறை தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், அடித்துளை வழியாகத் தண்ணீர் தாராளமாக வெளியேறும் வரை ஊற்றி மண்ணைக் கழுவுங்கள். இருபது நிமிடம் வடிய விட்டுத் திரும்ப வையுங்கள். ஏர்கான் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அன்றன்றைக்குப் பிடித்து அன்றே ஊற்றிவிடுவதாக இருந்தால் கலாத்தியாவுக்கு அது அமிர்தம்.

நுனி காய்வதைவிடக் கவலைப்பட வேண்டியது அடியிலை மஞ்சளாவது. ஓர் இலை மஞ்சளாவது வயது. மூன்று நான்கு சேர்ந்து மஞ்சளாகி, தண்டின் அடி கொழகொழவென்று இருந்தால் வேர் அழுகிக்கொண்டிருக்கிறது. நிழலில் மண் காய நாளாகும் என்பதை மறந்து, வெயில் செடிக்கு ஊற்றுவது போல் தினமும் ஊற்றுவதால் வருவது. சுட்டுவிரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் இன்று தண்ணீர் வேண்டாம். கெட்டுப்போன செடியை வெளியே எடுத்து, கறுத்து நாறும் வேரை வெட்டி எறிந்துவிட்டு, பெர்லைட் அல்லது தேங்காய் மட்டைத் துண்டுகள் கலந்த புதிய மண்ணில் சிறிய தொட்டியாகப் பார்த்து நடுங்கள். பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அதே கதை.

பழுப்புப் புள்ளி, அதைச் சுற்றி மஞ்சள் வளையம் என்றால் பூஞ்சையோ பாக்டீரியாவோ. இரண்டுக்கும் பிடித்தது, இரவெல்லாம் இலைமேல் நிற்கும் தண்ணீர். மாலையில் வேலை முடிந்து வந்து இலை நனையத் தெளிப்பது மனத்துக்கு இதமாக இருக்கலாம். செடிக்கு நல்லதில்லை. காலையில், மண்ணில் ஊற்றுங்கள். புள்ளி விழுந்த இலையை வெட்டிக் குப்பையில் போடுங்கள், தொட்டி மண்ணில் புதைக்காதீர்கள். ஒவ்வொரு செடிக்கும் இடையில் கத்தரிக்கோலைச் சாராயம் கலந்த கிருமிநாசினியால் துடையுங்கள். ஹோஸ்டா வளர்ப்பவர்களை மேல்நாட்டில் ஆட்டிப்படைக்கும் ஒரு வைரஸ் உண்டு. 1996-இல் கண்டுபிடித்தார்கள், 'ஹோஸ்டா வைரஸ் எக்ஸ்' என்று பெயர். அது பரவுவதே பெரும்பாலும் வெட்டும் கருவியில் ஒட்டிய சாறு வழியாகத்தான். இலையில் தீற்றல் தீற்றலாக நிறம் பரவியதைப் பார்த்து, புதிய அழகான வகை என்று நினைத்து நோயுள்ள செடியையே விற்றார்களாம், வாங்கினார்களாம்!

பூச்சிகளில் நம் தாழ்வார ராஜா மாவுப்பூச்சி. இலைக்காம்பின் இடுக்கில் பஞ்சு ஒட்டியது போல் இருக்கும். அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைப் பாதுகாத்து, ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குத் தூக்கிக்கொண்டும் போகும். அதனால் செடியில் எறும்பு ஏறினால் முதலில் மாவுப்பூச்சியைத் தேடுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியைச் சாராயக் கிருமிநாசினியில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், அது தண்ணீரில் கலக்கச் சில துளி சோப்பு. முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பார்த்து, சேதம் இல்லையென்றால் வெயில் இறங்கிய பிறகு இலையின் இருபுறமும். இலையை நனைக்காதே என்று இப்போதுதானே சொன்னாய் என்கிறீர்களா? மருந்து தெளிக்கும் அந்த ஒரு நாள் விலக்கு, காற்றோட்டம் இருந்தால் போதும். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் செய்ய வேண்டும். ஒருமுறை அடித்துவிட்டு 'வேப்பெண்ணெய் வேலை செய்யல' என்று சொல்பவர்கள்தான் அதிகம். அன்று தப்பிய முட்டைகள் அடுத்த வாரம் பொரிக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். தெளிப்பதற்கு முன் பக்கத்து வீட்டுத் துணி வெளியே காய்கிறதா என்றும் பாருங்கள். வேப்பெண்ணெய் வாசம் சேலையில் ஏறினால் நட்பு கெடும்.

இலை மேல் ஊசி குத்தியது போல் நுண்ணிய வெளிர் புள்ளிகள், அடியில் மெல்லிய வலை என்றால் செஞ்சிலந்தி. ஈரத்துணியால் அடிப்பக்கம் துடைப்பதே பாதி வைத்தியம். புகைமூட்டக் காலத்தில் இலைமேல் படியும் தூசுக்கும் அதேதான். இலை பளபளக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: செடி இலை வழியாகத்தான் மூச்சுவிடுகிறது. வேண்டாம். அரிசி கழுவிய தண்ணீர், பால் பாக்கெட் கழுவிய தண்ணீர், தேயிலைத் தூள் எல்லாம் ஊரில் கொல்லைப்புறத்துக்குச் சரி. மூடிய தாழ்வாரத்துத் தொட்டியில் அது நாற்றமும் சின்ன ஈயும்தான் தரும்.

நத்தைத் தொல்லை தரைமாடி வீடுகளுக்கும் சமூகத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும். மழை விட்ட இரவில் உள்ளங்கை அகலத்தில் ஊர்ந்து வருவது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. வெறுங்கையால் தொடாதீர்கள், மூளையைப் பாதிக்கக்கூடிய ஒட்டுண்ணிப் புழு அதன் உடலில் இருக்கலாம். கையுறை அணிந்து, கைவிளக்கு வெளிச்சத்தில் பொறுக்குவதுதான் நம்பகமான வழி. முட்டை ஓட்டைத் தூளாக்கித் தூவினால் வராது என்பார்கள். பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2018-இல் முட்டை ஓடு, செப்புப் பட்டை, மரப்பட்டை எல்லாவற்றையும் கீரைச் செடிகளைச் சுற்றிப் போட்டுச் சோதித்தது. எதுவும் போடாத செடிக்கும் போட்ட செடிக்கும் சேதத்தில் வித்தியாசமே தெரியவில்லை. நத்தை சாவகாசமாக ஏறி வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது.

இவ்வளவும் செடியின் நலம். தாழ்வாரம் என்பது நம் வீடு இல்லை, எல்லாருக்கும் பொதுவான வழி என்பதையும் பேச வேண்டும். 1.2 மீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்கிறது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. வெறும் காகித விதி என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மாடியில் தாழ்வாரத்தின் இருபுறமும் தொட்டிகள், அத்தனையும் அவருடையவை. அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் பிடிக்கும், யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு நள்ளிரவில் அவர் மனைவிக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வந்தது, தூக்குப்படுக்கை மின்தூக்கியை விட்டு வெளியே வந்தது, வளைவில் திரும்ப முடியவில்லை. ஒருவர் செடிகளைக் காலால் தள்ளித் தள்ளி வழி செய்தார். அம்மா பிழைத்துக்கொண்டார். மறுநாள் காலை பெரியவர் பாதிச் செடிகளைத் தாமே கீழே இறக்கி, வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டார். "அந்த அரை நிமிஷம் இன்னும் காதுல கேக்குதும்மா, தொட்டி உருளுற சத்தம்," என்றார். தொட்டிகளை ஒரே பக்கச் சுவரை ஒட்டி, ஒற்றை வரிசையில். அளவுநாடாவை எடுத்து ஒருமுறை அளந்துவிடுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைப்பது பற்றிப் பேசவே வேண்டாம். பத்தாவது மாடியிலிருந்து விழும் தொட்டி யார் தலை என்று பார்ப்பதில்லை.

அடுத்தது டெங்கி. 2020-இல் 35,000 பேருக்கு மேல், 2022-இல் 32,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஒரு வெள்ளி நாணயம் அளவு தண்ணீர் போதும். தட்டில் தேங்கும் நீரை எல்லாரும் கவனிக்கிறோம். கவனிக்காதது இறுகிப்போன மண். மேல்மண் சிமெண்ட் போல் கெட்டியானால் ஊற்றிய தண்ணீர் உள்ளே போகாமல் குட்டையாக நிற்கும். பழைய முள்கரண்டி ஒன்றைத் தொட்டிப் பக்கமே வைத்து, தண்ணீர் ஊற்றும் நாளில் கிளறிவிடுங்கள். தட்டே இல்லாமல் இருப்பது உத்தமம், ஆனால் கீழ்வீட்டுத் துணியில் சொட்டும். ஆகவே சின்னத் தொட்டிகளை உள்ளே கொண்டுபோய் நீர் ஊற்றி, வடிந்த பிறகு வெளியே வைக்கலாம். கண்ணாடிக் குவளையில் மணி பிளாண்ட் வைத்திருப்பவர்கள் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது குவளையின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு காத்திருக்கும். வெறும் தண்ணீர் மாற்றுவது பாதி வேலை. பிரமிலியாட் வகைச் செடிகள் இலைக்கிண்ணத்திலேயே நீர் பிடித்து வைக்கும். சின்னக் குழந்தைகள் உள்ள மாடிகளில் அதை நான் பரிந்துரைப்பதே இல்லை.

அந்தப் பெரியவர் கொடுக்காமல் வைத்துக்கொண்ட செடிகளில் ஒன்று வெற்றிலைக்கொடி. ஹோஸ்டா கேட்பவர்களிடம் நான் கடைசியில் சொல்வதும் அதைத்தான். பூவுக்காக இல்லாமல் இலைக்காகவே, நிழலிலேயே ஒரு செடியை வளர்க்கும் கலை நம்மவர்களுக்குப் புதிதா? சோழவந்தானிலும் கும்பகோணத்துப் பக்கமும் கொடிக்கால் போடுகிறவர்கள் முதலில் அகத்தியை விதைப்பார்கள். அகத்தி எழுந்து நிழல் தந்த பிறகுதான் வெற்றிலைக் கொடியை அதன் காலடியில் நடுவார்கள். அகத்தியே பந்தல், அகத்தியே கொம்பு. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெயிலில் வளர்ந்த வெற்றிலை சிறுத்து, மஞ்சள் தட்டி, தடிப்பாக இருக்கும். நிழலில் வளர்ந்தது அகலமாக, கரும்பச்சையாக, மடித்தால் ஒடியாமல் இருக்கும். நம் இருட்டுத் தாழ்வாரத்தை இதற்கு மேல் யார் பாராட்ட முடியும்?

மூன்று நான்கு கணு உள்ள தண்டு போதும். பல வீடுகளில் வெற்றிலை இருக்கிறது, வாய்விட்டுக் கேட்டால் தருவார்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, தேங்காய் நார் சுற்றிய கம்பு ஒன்றை ஊன்றிவிடுங்கள், வேர் அதைப் பிடித்து ஏறிக்கொள்ளும். ஈரம் வேண்டும், தேக்கம் ஆகாது. கொடிக்கால்காரர்கள் அஞ்சும் நோயே அடித்தண்டு அழுகி ஒரேயடியாக வாடிப்போவதுதான், அதுவும் தேக்கத்தில் வருவது. கணபதி ஹோமத்துக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் தேக்காவுக்கு ஓட வேண்டியதில்லை. வாயில் போடும் இலை என்பதால் பூச்சிமருந்துப் பக்கமே போகாதீர்கள், துடைப்பதும் கிள்ளி எறிவதும் போதும்.

இந்த வாரம் வந்த இன்னொரு கேள்வி: தாழ்வாரத்தில் கறிவேப்பிலை ஏன் குச்சியாகவே நிற்கிறது? அது வெயில் மரம், நிழலில் வராது. துளசியும் அப்படித்தான். இரண்டையும் உங்கள் புளோக்கின் சமூகத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, ரசத்துக்கு வேண்டும்போது நாலு இணுக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.